தடையும் வானொலியும்: வன்னியின் நுகர்பொருள் வரலாற்றில் ஒரு பக்கம்

நுகர்பொருள்களின் வரலாறு பெரும்பாலும் விற்பனையாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பொருள் வராதவிடத்து நிகழ்ந்தது யாது என்பதை அறிய நாம் வன்னியை நோக்குதல் வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதையடுத்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை எரிபொருளோடு பற்றரியையும் தடுத்தது. மின்சாரமற்ற கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் வானொலி ஊமையாயிற்று. இருப்பதா, இடம்பெயர்வதா என்பதைச் செய்தி கேட்டே முடிவுசெய்ய வேண்டியிருந்த காலம் அது.

துவிச்சக்கரவண்டியின் டைனமோ கைகொடுத்தது. முன்விளக்குக்கென அமைந்த அது பொதுவாக 6 வோல்ற்றளவு தருவது. ஒன்றரை வோல்ற்றுப் பற்றரிகள் நான்கிற்கு ஈடு. ஆயின் அது தருவது ஆடலோட்டம், வானொலி வேண்டுவதோ நேரோட்டம். இருவாயியும் கொள்ளளவியும் இடையே இணைத்து அவ்வேறுபாட்டைத் தீர்க்கலாம். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, அயலார் கூடியிருந்து பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டனர். கை தளர்ந்தாற் குரலும் தேய்ந்தது.

இதனைத் தமிழரின் புத்திக்கூர்மை என வியந்து அமைவோர் உளர். அவ்வியப்பு எமக்கு உடன்பாடன்று. பற்றரியினுள் உறைந்திருந்தது ஆலைத் தொழிலாளியின் உழைப்பு. அது மறுக்கப்பட்டபோது, கேட்போரே தம் உடலுழைப்பை அதற்கீடாகச் செலுத்த நேர்ந்தது. வீட்டுக்கொன்றென விற்கப்பட்ட பண்டம் அயலின் பொதுப்பொருளாயிற்று என்பதும் உண்மையே. (அதனைத் தடையின் கொடை எனல் கொடுமை.)

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு தடை தளர்ந்தது. ஏ9 நெடுஞ்சாலை வழியே பற்றரிகள் வந்தன. மிதியைச் சுழற்றவும், சுழற்றுபவரைச் சூழ்ந்திருக்கவும் தேவை குறைந்தது.