சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் தமிழ்: ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் தொடர்புச் சாதனங்களின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பல மொழிகள் வழங்கும் நாட்டிலோ, எந்த மொழிக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, எந்த மொழியோடு சேர்ந்து கிடைத்தது என்பனவும் அவ்வரலாற்றின் இன்றியமையாக் கூறுகளாகும். சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் தமிழ் பெற்று வந்துள்ள இடத்தை இந்நோக்கில் ஆராய்வது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

தொலைக்காட்சிக்கு முன்னோடியாய் விளங்கியது வானொலி. போருக்குப் பின் மலாயா வானொலி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பி வந்தது. 1959 இல் சிங்கப்பூர் வானொலி தனி நிலையமாய்ப் பிரிந்தபோதும் நான்மொழி முறை தொடர்ந்தது. செய்தி வாசிப்பு, நாடகம், உரை எனத் தமிழ்ப் பிரிவு வளர்த்த மரபு எளியதன்று. புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணன் எழுதிய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ என்னும் வானொலி நாடகத் தொடர், புதிய அடுக்குமாடி வீடுகளின் வாழ்வை அவற்றில் குடியேறிய மக்களின் பேச்சிலேயே படைத்துக் காட்டியது.

1963 பிப்ரவரி 15 ஆம் நாள் மாலை, விக்டோரியா நினைவு மண்டபத்தில் கலாசார அமைச்சர் எஸ். இராசரத்தினம் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். சிங்கப்பூர்த் தொலைக்காட்சித் திரையில் முதன்முதலில் தோன்றிய அவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரல் 2 ஆம் நாள் முறையான ஒளிபரப்பை யாங் டி பெர்துவான் நெகாரா யூசோப் இஸ்ஹாக் தொடங்கி வைத்தார்.

தொடக்கத்தில் ஒளிவழி ஒன்றே. அதனை நான்கு மொழிகளும் பகிர்ந்து கொண்டன. அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டி எளிய குடும்பங்களுக்கு எட்டாப் பொருள். ஆகவே சமூக மன்றங்களில் அரசு பெட்டிகளை வைத்தது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் அங்கு ஒன்றாய் அமர்ந்தனர். தம் மொழி நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தவர் பிறர் மொழி நிகழ்ச்சியையும் காண நேர்ந்தது. பற்றாக்குறையால் விளைந்ததே ஆயினும், இஃது அரியதொரு பயன் எனலாம்.

1963 நவம்பர் 23 இல் இரண்டாம் ஒளிவழி தொடங்கப்பெற்றது. அதன்பின் 5 ஆம் ஒளிவழி மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும், 8 ஆம் ஒளிவழி சீனத்துக்கும் தமிழுக்கும் உரியனவாயின. 1965 ஆகஸ்டு 9 இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த செய்தியைக் கூறுகையில் பிரதமர் லீ குவான் யூ கண்கலங்கிய காட்சியை மக்கள் திரையில் கண்டனர். நாட்டின் பெருநிகழ்வுகளைக் கண்ணால் காணும் காலம் வந்துவிட்டது. தனிநாடான சிங்கப்பூர் தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாய்த் தன் சட்டத்திலும் நிலைநிறுத்தியது. 1966 இல் கால்டிகாட் குன்றில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. 1974 இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1980 இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் உருவாயிற்று.

இக்காலத்தில் 8 ஆம் ஒளிவழியின் இயல்பு மாறலாயிற்று. 1979 இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கமும், 1982 முதல் உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்ட மாண்டரின் நாடகங்களும் அதற்குப் பெருந்திரளான நேயர்களைச் சேர்த்தன. அவ்வொளிவழியில் தமிழின் நிலை, பெரிய குடும்பம் வாழும் வீட்டில் ஓர் அறை பெற்றவரின் நிலையை ஒத்திருந்தது. 1990களில் தமிழ் நிகழ்ச்சிகள் 8 ஆம் ஒளிவழியை விட்டு, மலாய் நிகழ்ச்சிகளைத் தாங்கிய 12 ஆம் ஒளிவழிக்குச் சென்றன. 2000 ஜனவரியில் சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் ஒளிவழி ஒன்றைப் பகிர்ந்துகொண்டு ‘வசந்தம் சென்ட்ரல்’ பிறந்தது. 2008 அக்டோபர் 19 ஆம் நாள் ‘வசந்தம்’ தனி ஒளிவழியாயிற்று. முதல் ஒளிபரப்புக்கும் இந்நாளுக்கும் இடைப்பட்ட காலம் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல்.

இந்நெடுங்காலத்தில் தொலைக்காட்சி ஆற்றிய மொழிப்பணி இருவகைப்படும். நாள்தோறும் செய்தி வாசிக்க வேண்டிய தேவை, புதிய பொருள்களுக்குத் தமிழ்ச்சொற்களை வழக்கில் கொண்டுவரச் செய்தது ஒன்று. சமூக மன்றம், மத்திய சேம நிதி, பெருவிரைவு ரயில், ஒளிவழி போன்ற சொற்கள் இந்நாட்டுத் தமிழர் நாவில் இயல்பாய் வழங்குவதற்கு நாளிதழ், வானொலி ஆகியவற்றோடு தொலைக்காட்சிச் செய்தியும் காரணமாகும். இவ்வூர்க் குடும்பங்களின் வாழ்வை இவ்வூர்த் தமிழிலேயே நாடகமாக்கியது மற்றொன்று. திரைப்படங்களின் வாயிலாகத் தமிழகத்தின் தெருக்களையே கண்டு வளர்ந்த இளையோர்க்குத் தம் அடுக்குமாடிக் கட்டடத்தையும் தம் பள்ளியையும் திரையில் காட்டியவை அந்நாடகங்களே.

எனினும் வேறோர் உண்மையையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழை மிகுதியாய்ப் பேசுவோர் 2010 இல் 3.3 விழுக்காடு, 2020 இல் 2.5 விழுக்காடு. தமிழுக்குத் தனி ஒளிவழி கிடைத்த காலத்திலேயே வீட்டில் அதன் வழக்குச் சுருங்கியுள்ளது. அன்று ஓரறையில் ஒடுங்கியிருந்த தமிழைக் கேட்க வீடுகளில் செவிகள் மிகுதியாய் இருந்தன. இன்று இடம் பெருகியுள்ளது, செவிகள் குறைந்துள்ளன. தனி ஒளிவழி வந்தமையால், பிறர் மொழியைத் தற்செயலாய்க் காணும் அன்றைய வாய்ப்பும் அருகிவிட்டது. பெற்றதன் அருமையை இவை குறைப்பன அல்ல. அதனைக் காக்கும் பொறுப்பைக் கூட்டுவனவே ஆகும்.

ஒளிபரப்பு நிலையம் மொழியை வீட்டு வாயில் வரை கொண்டுவந்து சேர்க்கும்; உள்ளே அழைத்துப் பேசவேண்டியவர் வீட்டாரே. வகுப்பறையில் ஒரு செய்தித் தொகுப்பைக் கேட்கச்செய்து அதன் சொற்களை ஆராய்வதும், ஒரு நாடகக் காட்சியைக் காட்டி அதைக் குறித்து மாணவரைத் தமிழில் உரையாடச் செய்வதும் ஆசிரியர் கைக்கு எட்டிய பணிகள். பல்லாண்டு முயற்சியால் கிடைத்த ஒளிவழி, பேசும் நாவுகளாலேயே நிலைபெறும்.