நீர்மாசு அறியும் லேசர்

நீரைத் தொடாமல், மாதிரி மொள்ளாமல், வானூர்தியிலோ படகிலோ கரையிலோ இருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் நிறத்தையும் அளவையும் கொண்டு நீரில் கலந்த எண்ணெய், பாசி, கரிமக் கழிவு முதலியவற்றை அறியும் முறை. 1970களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உருப்பெற்றது. ஆனால் இம்முறை நம்பியிருக்கும் அளவுகோல் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கல்கத்தாவில் கிடைத்துவிட்டது. அதைக் கண்ட இருவருள் ஒருவர் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்காரர்.

அழுக்கு என்று எண்ணிய வெளிச்சம்

1921இல் இங்கிலாந்து சென்று திரும்பிய சி.வி. இராமன், கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்ற அன்றைய விளக்கத்தை ஏற்கவில்லை. நர்குண்டா கப்பலில் இருந்தபடி நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியே மத்தியதரைக் கடலைப் பார்த்தார். மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான வெளிச்சத்தை விலக்கிய பின்னும் நீலம் மங்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

1923இல் அவருடைய மாணவர் கே.ஆர். இராமநாதன் தண்ணீரில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். ஊதாக் கண்ணாடி வழியே சூரிய ஒளியை நீருக்குள் விட்டு, வெளிவருவதை ஊதாவை மறிக்கும் வேறொரு கண்ணாடி வழியே பார்த்தால் ஒன்றும் தெரியக் கூடாது. மங்கலாக ஏதோ தெரிந்தது. தண்ணீரில் அழுக்கு இருக்கிறது, அதுதான் ஒளிர்கிறது என்று கருதி, நீரை வெற்றிடத்தில் மெல்ல வடித்தெடுத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் போகவில்லை. மிக மெல்லிய ஒளிர்வு என்று குறித்துவைத்ததோடு அந்தப் பேச்சு நின்றது. பின்னாளில் இம்முறைக்கு அடிப்படையான கேள்வி, அதாவது நீரின் ஒளி எது, அழுக்கின் ஒளி எது என்பது, அன்றே எழுந்துவிட்டது; விடைதான் தவறாகப் போனது.

விடையைத் திருத்தியவர்கள் இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும். கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தவர்; மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்தவர். 1928 தொடக்கத்தில் சுமார் 60 நீர்மங்களில் அதே வெளிச்சத்தை இருவரும் கண்டார்கள். அழுக்கு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வழியில்லை. மூலக்கூறு தன்மேல் பட்ட ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மீதியை வேறு நிறத்தில் விடுகிறது. எவ்வளவு வாங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பிப்ரவரி 28 அன்று உறுதியான இந்த இராமன் விளைவு, இருவர் பெயரிலும் மார்ச் 31ஆம் தேதி நேச்சர் இதழில் வெளியானது. 1930இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனின் பங்கைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

லேசர் வந்த பின்

1960 மே 16 அன்று தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். இரண்டே ஆண்டில் போர்டோவும் வுட்டும் அதை இராமன் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். 1973இல் நாசாவின் வாலப்ஸ் மையத்தைச் சேர்ந்த ஹாங்சுக் கிம், வானூர்தியிலிருந்து லேசரைப் பாய்ச்சிப் பாசியின் பரவலைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்.

முறை இதுதான். சில நானோநொடியே நீடிக்கும் ஒளித்துடிப்பு நீரில் படுகிறது. பாசியின் பச்சையம் 685 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். கரைந்த கரிமப் பொருள்கள் நீலப் பக்கம் ஒளிரும். எண்ணெய் அதன் வகைக்கேற்ப ஒளிரும். டீசல் போன்ற இலேசான எண்ணெயும் கச்சா எண்ணெயும் ஒரே நிறம் காட்டுவதில்லை. 150 மீட்டர் உயரத்திலிருந்து ஒளி போய்வர ஒரு மைக்ரோநொடிதான் ஆகும். ஒளி திரும்பும் அந்தக் கணத்தில் மட்டும் கருவியைத் திறந்து மூடினால் பகல் வெளிச்சம் தொந்தரவு செய்யாது.

தொந்தரவு வேறிடத்தில் இருந்தது. ஒளிர்வு குறைந்தால் மாசு குறைவு என்று சொல்லிவிட முடியாது. நீர் கலங்கியிருந்து லேசர் ஆழம் போகாமலும் இருக்கலாம். இங்கேதான் நீரின் சொந்த இராமன் ஒளி கைகொடுத்தது. 337 நானோமீட்டர் லேசருக்கு நீர் ஏறக்குறைய 381இலும், 532க்கு ஏறக்குறைய 650இலும் பதில் தரும். லேசர் எட்டிய நீர் எவ்வளவோ, அந்த ஒளியும் அவ்வளவே. மாசின் ஒளிர்வை அந்த இராமன் ஒளியால் வகுத்தால் கலங்கலால் வரும் பிழை பெருமளவு நீங்கும். 1981இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மைக்கேல் பிரிஸ்டோ குழுவினர் மீட் ஏரியின் மேல் பறந்து இதைக் காட்டினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு வாலப்ஸின் ஃபிராங்க் ஹோக், ராபர்ட் ஸ்விஃப்ட் இருவரும் இதே ஒளியைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருந்தார்கள். கடல்மேல் எண்ணெய்ப் படலம் கிடந்தால் கீழிருக்கும் நீரின் இராமன் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அதிலிருந்து படலத்தின் தடிமன் தெரியும். என் பார்வையில் இத்துறையின் மிக அழகான சோதனை இதுவே. ஆனால் எல்லை குறுகியது: பத்து, இருபது மைக்ரானைத் தாண்டினால் நீரின் ஒளி முழுக்க மறைந்துவிடும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரை ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளிக் கைமாற்றிவிட்டார்கள். அந்தக் குழம்பின் தடிமனை இம்முறை சொல்லியிருக்காது. விளிம்பில் மினுங்கும் மெல்லிய படலம் எதுவரை போனது என்பதைத்தான் சொல்லும்.

பட்டாசுப் பகுதியில்

கிருஷ்ணன் பிறந்த விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டி வட்டாரத்துக் கண்மாய்களில் மழைத்தண்ணீர் வண்டலோடு கலங்கி நிற்கும்போது லேசர் மேல்மட்டத்தை மட்டுமே தொடும். நீரின் இராமன் ஒளி எவ்வளவு சுருங்கியது என்பதைக் கொண்டு கலங்கலை வேண்டுமானால் அளக்கலாம். ஆனால் மாவட்டத்தின் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியும் தண்ணீரில் இல்லை.

பட்டாசு மருந்தில் ஆக்சிஜன் தரும் உப்பாகச் சேரும் பெர்குளோரேட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். சிவகாசியிலும் மதுரையிலும் நீர் எடுத்து ஆய்ந்த ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்களின் கட்டுரை 2013இல் வந்தது. சிவகாசியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அமெரிக்க வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தன. மதுரையில் ஒன்றும் தாண்டவில்லை. நிலத்தடி நீரில் உச்சம் 7,690 மைக்ரோகிராம், அதாவது அந்த அளவைப் போல் 500 மடங்குக்கும் மேல். மேற்பரப்பு நீரில் உச்சம் 30.2தான்.

பெர்குளோரேட்டுக்கும் கூர்மையான இராமன் கோடு உண்டு. 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பாய்ச்சினால் ஏறக்குறைய 560இல் தெரியும். செவ்வாயில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி பாறைமேல் பச்சை லேசரைப் பாய்ச்சி இவ்வகை உப்பை அடையாளம் கண்டதும் அந்தக் கோட்டால்தான். பாறையில் அது திடமாக, லேசருக்கு எட்டும்படி கிடந்தது. கிணற்றில் மைக்ரோகிராம் கணக்கில் கரைந்து, நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. சாதாரண இராமன் கருவிக்கு அது படாது. வெள்ளி, தங்க நுண்துகள்களின் மேல் நீரைப் படியவைத்து ஒளியைப் பெருக்கிக் காட்டும் முறை இருக்கிறது என்றாலும், அதற்குத் தண்ணீரை மொண்டுதான் ஆக வேண்டும். 2013 ஆய்வும் அப்படித்தான் நடந்தது: புட்டியில் பிடித்த நீர், அயனிப் பிரிப்பு, நிறைமாலைக் கருவி, லிட்டருக்கு 0.005 மைக்ரோகிராம் வரை நுட்பம்.