பெஞ்ச் வெட்டிய பிரிண்டர்கள்

1990-களில் நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே, இந்திரா நகரில் பிரிண்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிக்ஸ் என்று சொன்னாலே மற்ற மெக்கானிக்குகள் நழுவிவிடுவார்கள். டாஸ் கணினியில் கேபிளைச் செருகினால் அச்சு வந்துவிடும். யூனிக்ஸில் வராது, வந்தாலும் மானத்தை வாங்கும். எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடும் பெட்டி ஒன்று, அதோடு இணைத்த நாலைந்து டெர்மினல்கள், பக்கத்தில் கொரகொரக்கும் 132 காலம் டாட் மேட்ரிக்ஸ். நான் போய்வந்த கணக்குப் பிரிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன.

அடிக்கடி வந்த கோளாறு இது. சம்பளச் சீட்டின் முதல் வரி ஒழுங்காக விழும். இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கும். மூன்றாவது இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போகும். இதைப் பார்த்த ஒரு கணக்கர், "என்ன தம்பி, மிஷின் பெஞ்ச் வெட்டுது?" என்றார். நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணைப் படிப்படியாக வெட்டி இறங்குகிறார்களே, அந்தப் படிதான் பெஞ்ச். விஷயம் சின்னது. டாஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் 'இடது ஓரத்துக்குத் திரும்பு', 'ஒரு வரி இறங்கு' என்று இரண்டு குறிகளை அனுப்பும். யூனிக்ஸ் இறங்கச் சொல்லும், திரும்பச் சொல்லாது. அச்சு வேலையைப் பிரிண்டருக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸ் ஸ்கிரிப்டில் 'எஸ்டிடிஒய் ஓஎன்எல்சிஆர்' என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

அடுத்தது அச்சு வேலைகள் காத்திருக்கும் வரிசை. சிஸ்டம் ஃபைவ் வழிவந்த யூனிக்ஸில் 'அக்செப்ட்', 'எனேபிள்' என்று இரண்டு அனுமதிகள் தனித்தனி. முன்னது வேலையை வாங்கிக்கொள்ளும், பின்னது பிரிண்டருக்கு அனுப்பும். ஏதாவது பிழை வந்தால் இரண்டாவது மட்டும் தானாக நின்றுவிடும். தாள் வரவில்லையே என்று ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். நான் போய் 'எனேபிள்' கொடுத்ததும் ஒரே பட்டியல் பெட்டித்தாள் தீரும்வரை ஓடும்.

தமிழ் அச்சு தனிப் பாடு. அந்த டாட் மேட்ரிக்ஸ்களின் சிப்பில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. தமிழ் வேண்டுமென்றால் எழுத்தைப் படமாக்கிப் புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். பக்கம் முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

பிரிண்டர் தொல்லை எங்களோடு தொடங்கியதல்ல. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. தாள் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் நிரலைத் திருத்த அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. அது கையில் இருந்த ஒருவரும் ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டித் தர மறுத்தார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் க்னூ திட்டம் 1983-ல் பிறந்தது. என் தொழிலில் நான் கண்ட பெரிய தொல்லைகளும் அதே ரகம். கேபிளும் வரிசையும் அரைமணி வேலை. மூடி வைத்த டிரைவர்தான் ஆளைக் கொல்லும்.

1999-ல் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்காக மைக்கேல் ஸ்வீட் எழுதிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் வெளியானது. பிரௌசரில் 631 என்ற போர்ட்டைத் திறந்து பிரிண்டரைச் சேர்த்துவிடலாம். ஸ்கிரிப்ட் எழுதிய கைகளுக்கு ஓய்வு. ஆனால் அதற்குள் மலிவு லேசர்கள் வந்துவிட்டன. அவற்றில் பல, பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு, விண்டோஸ் டிரைவரை மட்டும் சிடியில் கொடுத்தன. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. ப்ராஜெக்ட் அச்சடிக்க அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் என் கடைக்கு வந்தார்கள். கடையில் இருந்த மலிவு லேசர் பாஸோடு பேசாது; பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் வாங்கி அடித்துக் கொடுத்தேன்.

2010-க்குப் பின் டிரைவரே கேட்காத பிரிண்டர்கள் வரத் தொடங்கின. ஆனாலும் செகண்ட்ஹேண்ட் கடையில் பழசு நிறைய கிடக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் விலை பேசுவதற்கு முன், அது போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்ற அச்சு மொழிகளில் ஒன்றையாவது புரிந்துகொள்ளுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.