கடலடிப் பொருளும் காப்பு நெறியும்

கண்டக்குழிக்கு அருகே, கற்பிட்டியில் 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை அவர்தம் வணிகத்தின் நிலச்சுவடாகும். அவ்வணிகம் கடலடியில் விட்ட சுவடுகளைக் காத்தலோ அரியது. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்ரர் என்னும் ஒல்லாந்தக் கப்பல் இதற்குத் தக்க சான்றாகும்.

நெடுங்காலம் நீரிற் கிடந்த மரம் உலர்ந்தாற் சுருங்கி வெடிக்கும்; உப்பூறிய இரும்பு காற்றுப்பட்டு உதிரும். ஆதலின், மீட்ட பொருளை நீரிலிட்டு உப்பகற்றிப் படிப்படியாகப் பதப்படுத்தல் வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பொருட்களுக்குக் காலியில் இப்பணியே நடைபெற்றது. ஆயின் 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கரையோரத்திருந்த காப்பாய்வுகூடத்தை அழித்தது. மூன்றரை நூற்றாண்டு கடல் காத்தவற்றுட் சில, கரையில் அழிந்தன.

காப்பு என்பது இரசாயன அறிவு மட்டுமன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. இடத்தெரிவு, பதிவேடு, பேரிடர்த் திட்டம் ஆகியனவும் அதன் கூறுகளே. பேரிடரினின்று பொருட்களைக் காத்தலை அனைத்துலக நூதனசாலைப் பேரவையின் ஒழுக்கக்கோவை கடமையாக விதிக்கின்றது. கடலடிப் பொருளை இருந்தவிடத்தே காத்தலை முதற்கண் எண்ணுமாறு யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகின்றது. புத்தளக் கரையிலும், பொருளை எடுக்குமுன் அதனைப் பேணும் வழியை வகுத்தலே முறையாகும்.