112 அடி மனு எழுதியவர்: இரட்டைமலை சீனிவாசன்

‘உங்கள் தலைவர்கள் வெள்ளைக்காரனுக்குத் துணைபோனவர்கள்தானே?’ கல்லூரியில் நம் மாணவர்கள் இன்றும் எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்ல இரட்டைமலை சீனிவாசனைப் படிக்க வேண்டும்.

1860ஐ ஒட்டி, செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். கோவையில் அவர் படித்த பள்ளியில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர எல்லோரும் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் யாரோடும் விளையாட மாட்டார். மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருப்பார். 1939இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அப்படி ஒளிந்து படித்தவர் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாக வீசப்பட்ட சொல்லைத் தலைப்பில் அச்சடித்து ஏழு ஆண்டுகள் நடத்தினார்.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று அப்போது காங்கிரஸ் கேட்டது. சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. சேரிக்குப் பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில் இங்கே தேர்வு வைத்தால் யார் அதிகாரியாக வருவார்? நம்மைத் தெருவில் விடாதவர்கள்தானே! வெள்ளையர் மீதான பாசம் அல்ல இது. கண்முன் இருந்த ஆதிக்கத்தைப் பற்றிய தெளிவு.

பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். திரும்பி வந்தபின், 1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். சொத்துள்ளவர்க்கே வாக்கு என்றிருந்த நாளில் நமக்கு நியமனம்தான் வழி. கிடைத்த இடத்தை அவர் வீணாக்கவில்லை. பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லாச் சாதியார்க்கும் பொது என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற்ற வைத்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நமக்காகப் பேசினார். 1945இல் மறைந்தார்.

அந்த 1924 தீர்மானம் கேட்ட உரிமையே 1950இல் அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவாக வந்து நிற்கிறது: கிணறு, குளம், சாலை, கடை எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது.

தோழர்களே, பொட்டிப்புரம் தொடங்கி கூடலூர்வரை நம் பள்ளத்தாக்கில் எந்தத் தெருவிலாவது செருப்போடு நடக்கவோ, எந்தக் குழாயிலாவது தண்ணீர் பிடிக்கவோ யாரையேனும் தடுத்தால், புகார் மனுவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு 15(2)ஐயும் குறிப்பிடுங்கள். ‘இப்போதுதானே புதிதாக உரிமை கேட்கிறீர்கள்’ என்பவரிடம் 1924ஐச் சொல்லுங்கள்.