மலையடிவாரம் சொல்லும் பூகம்ப வரலாறு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தை ஒட்டி ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. சால்ட் லேக் சிட்டி இதன் ஓரத்தில்தான் இருக்கிறது. 1847-ல் அந்நகரம் உருவானது முதல் இந்தப் பிளவில் மிகப் பெரிய பூகம்பம் எதுவும் வந்ததில்லை. அப்படியென்றால் ஆபத்து இல்லையா?

உண்டு என்று அன்றே எச்சரித்தவர் குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர். அடிவாரத்தில் படிக்கட்டு போல நிற்கும் மண்மேடுகளை அவர் கவனித்தார். ஒவ்வொரு பூகம்பத்திலும் மலை உயர்ந்து, சமவெளி தாழ்ந்ததன் தழும்புகள் அவை. ஆனால் நகரத்தின் அருகே புதிய தழும்பு இல்லை. அங்கே அழுத்தம் இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று 1883-ல் உள்ளூர் நாளிதழில் எழுதினார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, ஆய்வாளர்கள் பிளவின் குறுக்கே பள்ளங்கள் வெட்டினார்கள். உடைந்து இடம் மாறிய மண் அடுக்குகளும், மேட்டிலிருந்து சரிந்து குவிந்த மண்ணும் பழைய பூகம்பங்களைக் காட்டிக் கொடுத்தன. மண்ணில் இருந்த கரித்துண்டுகளைக் கொண்டு காலத்தைக் கணித்தார்கள். பிளவின் நடுப்பகுதியில் மட்டும் சுமார் 6000 ஆண்டுகளில் குறைந்தது 22 பெரிய பூகம்பங்கள்! சால்ட் லேக் சிட்டி பகுதியில் இவை சராசரியாக 1300 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றன. அங்கே கடைசியாக வந்து ஏறத்தாழ 1400 ஆண்டுகள் ஆகின்றன.

2020 மார்ச்சில் நகரத்தை அடுத்த மாக்னாவில் 5.7 அளவு பூகம்பம் வந்தது. பழைய செங்கல் கட்டடங்கள் பல சேதமடைந்தன. 7 அளவில் வந்தால் வெளிப்படும் சக்தி அதைப்போல ஏறத்தாழ 90 மடங்கு. ஒரு நகரத்தின் ஞாபகம் 200 ஆண்டுகூட இல்லை. மலையின் ஞாபகம் மண்ணுக்குள் இருக்கிறது. வீடு கட்டுபவர்கள் கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான்.