வேட்டை நாய்க்கும் உரிமை உண்டு

நாய் என்றாலே முகம் சுளிப்போர் நம்மில் பலர். ஆயினும், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ண அல்குர்ஆன் (5:4) அனுமதிக்கின்றது. வேட்டை, மந்தைக் காவல், பயிர்க் காவல் ஆகியவற்றுக்காக நாய் வளர்க்க நபிமொழிகளில் சலுகை உண்டு.

சலுகையுடன் பொறுப்பும் வருகிறது. டமாஸ்கஸில் பிறந்து, ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) கெய்ரோவில் வஃபாத்தான ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், உயிரினங்களுக்கு மனிதர் செய்ய வேண்டிய கடமைகளை வரிசைப்படுத்தினார்கள். நோயாலோ முடத்தாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் உணவளித்தல், சக்திக்கு மீறிச் சுமத்தாதிருத்தல், தங்குமிடத்தைச் செம்மையாக வைத்தல் ஆகியன அவற்றுட் சில.

அரபுப் பாலைவனத்தில் சலூக்கி வேட்டை நாயின் வமிசத்தைப் பதவீ மக்கள் கவனத்துடன் காத்தனர். ஓட்டமும் வேட்டைத் திறனுமே அவர்களின் அளவுகோல். 1895இல் ஃப்ளோரன்ஸ் ஆம்ஹர்ஸ்ட் சீமாட்டி அதனை இங்கிலாந்துக்கு வரவழைத்தார். 1923இல் அங்குள்ள கென்னல் கிளப் அதனைத் தனி இனமாக ஏற்றது. கண்காட்சிகளிலோ தோற்றமே பெரிதாயிற்று. அழகெனக் கருதித் தட்டை முகத்திற்காகவே இனப்பெருக்கம் செய்யப்பட்ட பக் போன்ற நாய்கள் இன்று மூச்சுவிடவே திணறுகின்றன.

ஆகவே, காவலுக்கென உயர்ஜாதிக் குட்டி வாங்குவோர் விலையை மட்டும் விசாரித்தல் போதாது. தாய் நாய் நலமாக உள்ளதா, ஓய்வின்றி ஈன வைக்கப்படுகிறதா எனவும் விசாரித்தல் வேண்டும். ஓட இயலாத நாளிலும் அதற்குச் சோறிடுவது நம் கடமை. முதுமையில் தெருவில் விடுவோர், அல்லாஹ்விடம் பதில் கூற வேண்டியவர்களே.